திருப்பி வாசித்தல்

போன மாரிகாலத்தில் ஒரு ஞாயிறு மாலை, சமூகப்பணி படிக்கும் என் சிநேகிதியின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பாலியல் தொழிலைப் பற்றிய ஆய்வுகள் அரசுகளின் கொள்கைகளை எப்படி மாற்றியிருக்கின்றன என்று அவள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். டொச்சிலும் ஆங்கிலத்திலும் நிறையச் சேர்த்துவிட்டாள். “அன்ரி, தமிழில இதைப் பற்றி என்ன இருக்கு?” என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, “முதல்ல, தமிழில அவையளை என்னெண்டு சொல்லுறது?” என்றாள்.

ஷாஃப்ஹவுசனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல், சண்டையில் பெண்களை ஏசுகிற சொல். அதையும் அம்மம்மாவின் ரெலிபோன் கதைகளிலிருந்து பொறுக்கி வைத்திருந்தாள். நான் பரத்தை, கணிகை, தாசி, விலைமகள், விபசாரி என்று அடுக்கினேன். புலவரும் பூசகரும் பொலிஸும் வைத்த பெயர்கள். ‘பாலியல் தொழிலாளி’ ஒன்றுதான் வேறு வழியாக வந்தது. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் கரோல் லீ என்ற பெண், தானே அந்தத் தொழிலைச் செய்தவர், ஆங்கிலத்தில் உண்டாக்கிய சொல்லின் தமிழ் அது. முனோட் கோட்டையில் ஒன்பது மணி அடிக்கும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். அவள் போன பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது.

நான் இந்த நாட்டில் பல வருடங்களாக மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அந்த வேலையின் முதல் விதி, பேசுபவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் என்பது. ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. இரண்டாவது விதியை இதை வாசிக்கிற உங்களில் பலர் உங்கள் முதல் விசாரணையிலேயே அனுபவித்திருப்பீர்கள். எழுதி முடித்த பதிவை அவரவர் மொழியில் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு பெண் என் பக்கத்தில் இருந்து தன் கதையைச் சொன்னார். அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் இங்கே மாற்றியும் மறைத்தும் விட்டேன். வழியில் ஒரு நாட்டில் தங்கியிருந்த காலத்தைப் பற்றி, “அங்க இருந்த மூண்டு மாதமும் அந்த வேலைதான் செய்தனான்” என்றார். நான் டொச்சில், “மூன்று மாதம் அந்த வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டேன்” என்றேன். யோசித்துச் செய்ததல்ல. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். தமிழ்ப் பெண் ஒருத்தி அப்படிச் சொன்னாள் என்று அந்த மேசையில் பதிவாகக் கூடாது என்றும் நினைத்திருக்கிறேன். திருப்பி வாசிக்கும்போது அந்த வரி வந்தது. அதை மட்டும் மாற்றி வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “கட்டாயப்படுத்தினவை எண்டு நான் சொல்லேல்லை அக்கா. வேலை எண்டுதான் சொன்னனான். காசு தேவைப்பட்டது.” வரி வெட்டப்பட்டது. பக்கத்தில் கையெழுத்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இந்தப் பொருளில் எதை வாசித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இது யாரைப் பற்றியதோ, அவருக்குத் திருப்பி வாசித்துக் காட்டினார்களா?

அந்தக் கேள்வியோடு என் அலுமாரியைத் திறந்தேன். தமிழில் இந்தப் பொருளை முதலில் நேராகப் பார்த்தவர்கள் ஆய்வாளர்களல்லர், கதைக்காரர்கள். புதுமைப்பித்தன் 1934இல் ‘பொன்னகரம்’ எழுதினார். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்காக அம்மாளு இருட்டுச் சந்தில் ஒருவனோடு போகிறாள். கற்பைப் பற்றிப் பெருமை பேசுபவர்களின் முகத்தில் கதை முடிகிறது. இன்றைக்கும் சுடுகிற கதைதான். ஆனால் அந்தக் கோபம் கதை சொல்பவருடையது. அம்மாளு என்ன நினைத்தாள் என்பதற்கு அதில் இடமில்லை. ஜி. நாகராஜன் 1963இல் ‘குறத்தி முடுக்கு’, 1974இல் ‘நாளை மற்றுமொரு நாளே’ என்று அந்தத் தெருவுக்குள்ளேயே போய் இருந்து எழுதினார். இரங்கவோ திருத்தவோ அவர் முயலவில்லை. அங்கேயும் சமையல், கடன், பொறாமை, பகிடி எல்லாம் உண்டு என்று காட்டினார். அவருடைய நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். இருந்தும் ‘குறத்தி முடுக்கு’ அங்கே வந்து போகும் ஓர் ஆணின் கண்ணால் சொல்லப்படுகிறது. தங்கத்தை அவன் பார்க்கிறான். தங்கம் அவனை எப்படிப் பார்த்தாள் என்று கேட்க நமக்கு வழியில்லை. கதைக்கு அந்த உரிமை உண்டு. கதையை வைத்து யாரும் கதவைப் பூட்டுவதில்லை. ஆய்வின் விஷயம் வேறு.

தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு கதவுகளைப் பூட்டியது. 1985இன் கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவுக்கு ஓர் ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தார். எய்ட்ஸ் வைரஸ் இந்தியாவில் இருக்கிறதா என்று தேட வேண்டும். அது மேற்கு நாடுகளின் நோய், நம் பண்பாடு நம்மைக் காக்கும் என்று பெரியவர்கள் நம்பிய காலம். நிர்மலா, பொலிஸ் பிடித்துவந்த பெண்கள் வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குப் போய் இரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால் வேலூருக்குக் கொண்டு போனார்கள். 6 மாதிரிகளில் வைரஸ் இருந்தது. அமெரிக்காவில் உறுதி செய்தபின் சட்டசபையில் அறிவித்தார்கள். இந்தியாவில் எய்ட்ஸ் பற்றிய பொதுக்கொள்கை இந்த 6 பெண்களின் இரத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த இருவரையும் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. மற்றவர்கள் சிரித்த இடத்தில் அவர்கள் தேடினார்கள். சாலமன் பிறகு தன் வாழ்நாளை இந்த நோயாளிகளுக்கே கொடுத்தார். வேறு மருத்துவர்கள் தொடப் பயந்தவர்களைத் தொட்டார். அப்படியிருந்தும் ஒரு விபரம் என்னை விடுவதில்லை. எதைத் தேடுகிறேன் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலா பின்னாளில் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். வழமையான பால்வினை நோய்ச் சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சொன்னாலும் விளங்கியிராது என்பது அவர் காரணம். அந்தக் காலத்தின் மருத்துவ வழக்கமும் அதுதான். காப்பகத்தில் அடைபட்ட பெண், மேசைக்கு முன்னால் இருக்கும் பெண்ணைப் போன்றவள். மாட்டேன் என்று சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரியாது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். எண் வெளியே வந்தது. பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் விடவில்லை. பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் 1990இல் கதவு திறந்தது. அதே வருடம் மும்பையிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை ரயிலில் ஏற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ரயிலுக்கு ‘முக்தி’ என்று பெயர். இறங்கிய இடத்தில் இரத்தப் பரிசோதனையும் காப்பகமும் காத்திருந்தன. 1989இல் மாநிலங்களவைக்கு வந்த எய்ட்ஸ் தடுப்பு மசோதா கட்டாயப் பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் இடம் கொடுத்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. ஆய்வு சொன்னது வைரஸ் இங்கே இருக்கிறது என்பதை. கொள்கை கேட்டுக்கொண்டது வைரஸ் இவர்களிடம் இருக்கிறது என்பதை. இரண்டுக்கும் இடையில் ஒரு வாடிக்கையாளன், ஒரு கணவன், ஒரு பொலிஸ்காரன் காணாமல் போனார்கள்.

இது 1986இல் தொடங்கியதல்ல. 1868இல் பிரித்தானிய இந்தியாவின் தொற்றுநோய்ச் சட்டம், படையினரின் உடல்நலத்துக்காகப் பெண்களைப் பதிவு செய்து, பரிசோதித்து, மருத்துவமனையில் பூட்டியது. படையினர் பூட்டப்படவில்லை. துர்பா மித்ரா என்ற வரலாற்றாசிரியை 2020இல் எழுதிய நூலில் ஒரு படி மேலே போகிறார். இந்தியாவில் சமூக அறிவியல் என்று நாம் சொல்வதன் அடித்தளத்திலேயே ‘விபசாரி’ என்ற வகை இருக்கிறது. விதவை, ஓடிப்போனவள், கூத்தாடுபவள் என்று கணவனின் கட்டுக்குள் இல்லாத எந்தப் பெண்ணையும் அந்த வகைக்குள் போட்டு எண்ணித்தான் அந்த அறிவு வளர்ந்தது என்பது அவர் வாதம். நிறைய ஆவணங்களைத் தோண்டிய நூல். எனக்கு ஒரு குறை உண்டு: ஆவணத்தை எழுதியவர்களோடு அவர் போடும் சண்டை அவ்வளவு சுவையாக இருப்பதால், ஆவணத்துக்குள் கிடக்கும் பெண்கள் மறுபடியும் சான்றுகளாகவே நின்றுவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் கொல்கத்தாவின் சோனாகாச்சி. 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா அங்கே நோய்க் கணக்கெடுப்புக்குத்தான் போனார். ஆனால் கேள்விகளைத் தொழில் செய்யும் பெண்களிடமே கொண்டு போனார்; அவர்களையே ஊழியர்களாக்கினார். ஆணுறை போடாமல் விடுவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல என்பது அப்போதுதான் தெளிவானது. மாட்டேன் என்று சொன்னால் அன்றைய சோறு போய்விடும், அல்லது பொலிஸ் வந்துவிடும். ஆகவே வட்டிக்காரனையும் பொலிஸையும் சமாளிக்க ஒரு சங்கம் தேவைப்பட்டது. 1995இல் தர்பார் என்ற அமைப்பு உருவானது. அவர்களுக்கே ஒரு கூட்டுறவு வங்கியும் வந்தது. மும்பையில் இந்தத் தொழிலில் இருந்த பெண்களில் பாதிப்பேருக்கு அண்மையாக வைரஸ் பரவிய காலத்தில், சோனாகாச்சியில் அது 10 சதவீதத்தின் பக்கத்திலேயே நின்றது. சென்னையில் எடுத்ததும் இரத்தம்தான், கொல்கத்தாவில் எடுத்ததும் இரத்தம்தான். கொல்கத்தாவில் அதைத் திருப்பி வாசித்தார்கள்.

இதை விளக்க ஒரு புத்தகம் போதும். கேரளத்து நளினி ஜமீலாவின் தன்வரலாறு 2005இல் மலையாளத்தில் வந்தது. தமிழில் குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்த்தது ‘ஒரு பாலியல் தொழிலாளியின் சுயசரிதை’. நான் அதைச் சூரிச் ரயிலில் கலண்டர்த் தாளால் உறை போட்டு வாசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

கணவன் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்திருக்க மாமியார் நாளுக்கு 5 ரூபாய் கேட்கிறார். அந்தப் பெண்ணின் கூலி அதற்கும் போதாது. கணக்கு அங்கே தொடங்குகிறது. முதல் வாடிக்கையாளன் ஒரு பொலிஸ் அதிகாரி; அந்த இரவு முடிந்ததும் அவரை அடித்ததும் பொலிஸ். இதை அவர் அழுது சொல்லவில்லை. கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற குரலில் சொல்கிறார். அந்தக் குரல் கேரளத்தில் பலரைக் கோபப்படுத்தியது. அவர் அழுதிருந்தால் மன்னித்திருப்பார்கள்.

என் கட்டுரைக்கு முக்கியமானது புத்தகத்துக்கு வெளியே நடந்தது. முதல் பதிப்பு ஒருவர் அவரோடு பேசி எழுதித் தொகுத்தது. பரபரப்பாக விற்றது. நளினி ஜமீலா அதை வாசித்துவிட்டு, இது என் குரல் இல்லை என்றார். அதைத் தள்ளிவிட்டு, அடுத்த வருடம் வேறு நண்பர்களின் உதவியோடு தன் கதையைத் திரும்ப எழுதி வெளியிட்டார். ஜே. தேவிகாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த இரண்டாம் பதிப்பிலிருந்து வந்தது. இதைச் சிலர் விளம்பர உத்தி என்றார்கள். எனக்கு அது கையை உயர்த்தி நிறுத்திய அந்தப் பெண்ணாகத்தான் தெரிந்தது. ஒரு விற்பனையான புத்தகத்தை, தன் பெயர் போட்ட புத்தகத்தை, வரி வரியாக மறுப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! ஆய்வு முறையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ நூல்களை விட அந்தச் செயல் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

அவர் கேட்ட கொள்கையும் பிறர் அவருக்காகக் கேட்டதிலிருந்து வேறானது. உரிமப் பத்திரமும் தனித் தெருவும் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்வதைக் குற்றமாக்காதீர்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்கிறார். மறுவாழ்வுத் திட்டம் என்று தையல் மெஷின் கொடுப்பவர்களைப் பார்த்து அவர் சிரிப்பது புத்தகத்தின் நல்ல இடங்களில் ஒன்று.

புத்தகத்தில் குறை இல்லையா? உண்டு. தனக்குத் தெரிந்த தெருவின் நியாயத்தை எல்லாத் தெருக்களுக்கும் பொதுவாக்கிவிடுகிறார். சிறுமியாக விற்கப்பட்டவள், கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவள், ‘வேலை’ என்ற சொல்லையே ஏற்காதவள் இந்த ‘நான்’ என்ற சொல்லுக்குள் அடங்கமாட்டாள். திருப்பி வாசித்தல் ஒருத்திக்கு ‘கட்டாயம்’ என்ற சொல்லை வெட்டித் தருமென்றால், இன்னொருத்திக்கு அதே சொல்லை எழுதியே ஆக வேண்டும் என்று கேட்கும். நளினியின் குரலை எடுத்து அவளை மூடுவதும், அவளுடைய காயத்தை எடுத்து நளினியை மூடுவதும் ஒரே தவறு.

நாங்கள் வாழும் இடத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஷாஃப்ஹவுசன் கன்ரோனை ஏறத்தாழ முழுவதும் ஜெர்மனி சூழ்ந்திருக்கிறது. சைக்கிளில் போனால் சட்டம் மாறும். அங்கே 2017 ஜூலையிலிருந்து இந்தத் தொழிலைச் செய்பவர் அரசிடம் பதிவு செய்து அத்தாட்சி வைத்திருக்க வேண்டும். சுவிஸில் 1942இலிருந்து தொழில் சட்டத்துக்குட்பட்டது. சூரிச் 2013இல் ஆற்றங்கரைத் தெருவை மூடி, அல்ட்ஸ்டெட்டனில் அபாய மணியும் ஆலோசகர்களும் உள்ள இடத்தைத் திறந்தது. ஸ்வீடனோ 1999இலிருந்து வாங்குபவரைத் தண்டிக்கிறது. அந்த முறையை இங்கே கொண்டுவரும் பிரேரணையை 2022இல் தேசிய சபை பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தது. ஒவ்வொரு தரப்பின் கையிலும் ஒரு கட்டு ஆய்வு. ஸ்வீடன் தன் சட்டத்தை மதிப்பிட அமைத்த விசாரணை 2010இல் அறிக்கை தந்தது. சட்டம் தொடர வேண்டும் என்பது அந்த விசாரணைக்குக் கொடுத்த ஆணையிலேயே எழுதியிருந்தது. விடையை முதலில் எழுதிவிட்டுச் செய்யும் கணக்கு அது.

இன்னொன்று: ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் கபரே நடனப் பெண்களுக்குச் சுவிஸ் தனி அனுமதி கொடுத்துவந்தது. நியூஷத்தலில் உள்ள குடிபெயர்வு ஆய்வு நிலையம் 2006இல் அவர்களுடைய வேலை நிலைமைகளை, சுரண்டல்களை எழுதியது. பிறகு பாதுகாப்பு என்ற பெயரில் அந்த அனுமதியே 2016இலிருந்து நிறுத்தப்பட்டது. நிலைமையைத் திருத்துவதற்குப் பதிலாக வழியை மூடுகிறீர்கள், இனி வருகிறவர்கள் சட்டத்துக்கு வெளியே வருவார்கள் என்று சூரிச்சில் இந்தப் பெண்களோடு வேலை செய்யும் எஃப்ஐஇசட் அமைப்பு எதிர்த்தது. சுரண்டலை எழுதிய பக்கத்தை வைத்துக் கதவை மூடலாம் என்று அந்தப் பெண்களில் எவரும் கையெழுத்து வைத்திருக்கமாட்டார்கள்.

இதெல்லாம் யாரோ பெண்களின் கதை என்று நாங்கள் ஒதுக்க முடியாது. எங்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1980களில் சுவிஸ் பத்திரிகைகளில் எங்கள் பெடியங்கள் தோல் ஜக்கெட் போட்ட ஹெரோயின் வியாபாரிகள். பத்து வருடத்தில் அதே பெடியங்கள் உணவகக் குசினிகளில் பாத்திரம் கழுவும் நல்ல பிள்ளைகள். இரண்டு படத்தையும் எங்களைக் கேட்டு வரையவில்லை. 1996இல் கிறிஸ்டோபர் மக்டவல் எங்களைப் பற்றி முழு நூலே எழுதினார். அக்கறையோடு எழுதப்பட்ட நூல். அது வெளிவந்தபோது, எங்களைத் திருப்பி அனுப்ப 1994இல் கொழும்போடு செய்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. பதிவில் ஒரு சொல் மாறினால் என்ன நடக்கும் என்பது எங்கள் தலைமுறைக்கு வயிற்றில் தெரியும்.

அப்படியிருந்தும் போருக்குப் பிறகு வன்னியில் தனித்து நிற்கும் பெண்களைப் பற்றிய அறிக்கைகள் வந்தபோது எங்கள் மேடைகளில் நாங்கள் என்ன செய்தோம்? ‘சீரழிவு’ என்று ஒரு சொல்லால் மொழிபெயர்த்தோம். அந்தப் பெண்ணின் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, எந்த வேலை கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று கேட்கவில்லை. இலங்கையில் இன்னும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இருக்கிறது; தெருவில் நிற்கும் பெண்ணைப் பிடிக்கப் பொலிஸுக்கு அது போதும். அந்தச் சட்டத்தைப் பற்றி நாங்கள் ஒரு தீர்மானமும் போட்டதாக எனக்கு நினைவில்லை. மேசையில் நான் செய்த அதே பிழையை எல்லோருமாகச் செய்தோம். காப்பாற்றுகிறோம் என்று நினைத்து எங்கள் மானத்தை எழுதினோம்.

இந்தியாவின் உச்சநீதிமன்றம் 2022 மே மாதத்தில், வயது வந்து தன் விருப்பத்தோடு இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பொலிஸ் துன்புறுத்தக் கூடாது, அடையாள அட்டை மறுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குப் பின்னால் நீதிமன்றமே 2011இல் அமைத்த குழுவின் வேலை இருந்தது. அந்தக் குழுவில் தர்பார் அமைப்பும் இருந்தது. அறையில் அவர்கள் இருந்தார்கள் என்பது தீர்ப்பின் வரிகளில் தெரிகிறது.

சிநேகிதியின் மகள் போன மாதம் கட்டுரையைக் கொடுத்துவிட்டாள். அவள் இங்கே ஓர் ஆலோசனை நிலையத்தில் இரண்டு பெண்களோடு பேசியிருந்தாள். கட்டுரையைக் கொடுக்க முன், அவர்களைப் பற்றிய பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள். ஒருவர் ஒரு பந்தியை முழுக்க வெட்டச் சொல்லிவிட்டாராம்.

“நல்ல பந்தி அன்ரி, அதிலதான் என்ர வாதமே இருந்தது” என்றாள்.

“வெட்டினியா?”

“வெட்டினன். வாதத்தைத்தான் திரும்ப யோசிக்க வேண்டி வந்தது.”

அப்போதுதான் அந்த வெட்டப்பட்ட வரியைப் பற்றி அவளுக்குச் சொன்னேன்.